வால்வைத் தொடாமலே பொறியாளர் ஆதல்

இந்தியக் கல்லூரி ஒன்றில் வேதிப் பொறியியல் படித்து வெளிவரும் மாணவர், நான்கு ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான வால்வுகளைத் தாளில் வரைந்திருப்பார். அவற்றில் ஒன்றையேனும் கையுறை அணிந்து, சூடேறிய குழாயின் அருகில் நின்று, எந்தப் பக்கம் திருப்பினால் என்ன நிகழும் என்று அறிந்து திறந்திருப்பாரா என்பதற்கு உறுதியான விடை இல்லை. அது அவர் படித்த கல்லூரியையும், கல்லூரி இருந்த ஊரையும், தந்தைக்குத் தெரிந்தவர் யார் என்பதையும் பொறுத்தது. ஒரு தொழிற்கல்வியின் மையமான கூறு இப்படித் தற்செயலுக்கு விடப்பட்டிருப்பதைப் பற்றி இத்துறைக்குள் பேச்சு எழாமல் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் வேலைவாய்ப்பு என்ற ஒரே சொல்லில் போய் முடிந்துவிடுகிறது. ஆலை அனுபவம் இருந்தால் வேலை கிடைக்கும், இல்லையேல் கிடைக்காது என்பதே அதன் சாரம். உண்மையில் இது முதன்மையாக வேலைவாய்ப்புச் சிக்கல் அன்று. அறிவு பற்றிய சிக்கல். சில வேளைகளில் உயிர் பற்றிய சிக்கலும் கூட.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தன் வழிகாட்டுதல்களில், பொறியியல் பட்டப்படிப்புக் காலத்துக்குள் 600 முதல் 700 மணி நேரம் வரை தொழிற்பயிற்சி அமைய வேண்டும் என்றும் அதற்கு மதிப்பலகுகள் தர வேண்டும் என்றும் சொல்கிறது. எண்ணிக்கை அளவில் இது குறைவானதல்ல. நடைமுறையில் அந்த மணி நேரங்கள் எவற்றால் நிரப்பப்படுகின்றன என்பதே கேள்வி. விடுமுறையில் இரண்டு வாரம் அல்லது நான்கு வாரம், இருபது முப்பது பேர் கொண்ட குழு, முதல் நாள் பாதுகாப்புக் காணொளி, பிறகு கண்ணாடிக்கு அப்பால் நின்று கண்ட்ரோல் ரூமைப் பார்த்தல், ஓர் அலுவலர் தரும் செயல்முறை விளக்கக் குறிப்பை அப்படியே படியெடுத்து அறிக்கையாக்குதல், இறுதியில் சான்றிதழ். சில இடங்களில் இதற்குக் கட்டணமும் உண்டு. இன்னும் எளிய வடிவம் ‘இண்டஸ்ட்ரியல் விசிட்’. காலையில் ஆலை, மாலையில் அருவியோ கடற்கரையோ. இதில் மாணவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்ப்பதற்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டவர் பார்வையாளராகத்தான் திரும்புவார்.

இத்துறையின் பிறப்பே இதற்கு மாறானது. வேதிப் பொறியியலைத் தனித்துறையாக நிலைநிறுத்திய கருத்துகளுள் தலையாயது, ‘அலகுச் செயல்பாடுகள்’ என்பது. சர்க்கரையோ சாராயமோ பெட்ரோலோ, எந்த ஆலையாயினும் அதனை ஆவியாக்கல், வடித்தல், வடிகட்டல், உலர்த்தல் போன்ற பொதுவான செயல்களின் கோவையாகப் பார்க்கலாம் என்ற அந்தக் கருத்தை 1915இல் ஆர்தர் டி. லிட்டில் முன்வைத்தார். மறு ஆண்டே, 1916இல், அவரும் வில்லியம் வாக்கரும் முன்னின்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ‘பிராக்டிஸ் ஸ்கூல்’ என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினர். மாணவர்கள் ஆலைகளில் அமைந்த நிலையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கல்லூரியின் ஆசிரியர் ஒருவரும் அங்கேயே தங்கினார். வாக்கர், லூயிஸ், மக்காடம்ஸ் ஆகிய மூவரும் எழுதி இத்துறையின் அடிப்படை நூலாகக் கொள்ளப்படும் பாடநூல் வெளிவந்தது 1923இல்தான். பாடநூலுக்கு ஏழாண்டு முன்பே பயிற்சிப் பள்ளி வந்துவிட்டது என்னும் இந்த வரிசை எண்ணத்தக்கது. இன்றைய இந்தியப் பாடத்திட்டம் அந்த நூலின் வாரிசு. அந்தப் பள்ளியின் வாரிசு அன்று.

இந்திய வரலாறும் இதே பாடத்தைச் சொல்கிறது. பிரபுல்ல சந்திர ராய் 1892இல் கல்கத்தாவில் தம் வாடகை வீட்டிலிருந்தே வேதிப்பொருள் தயாரிப்பைத் தொடங்கினார். பேராசிரியராக இருந்துகொண்டே எலும்பிலிருந்து பாஸ்பேட் எடுக்க முயன்றவர் அவர். அந்த முயற்சி 1901இல் பெங்கால் கெமிக்கல் நிறுவனமாயிற்று. பின்னாளில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாக மலர்ந்த தேசியக் கல்வி இயக்கத்தின் நிறுவனத்தில் 1921இல் வேதிப் பொறியியல் கற்பிக்கப்படலாயிற்று. அங்கே பணியாற்றிய ஹீராலால் ராய் 1947இல் இந்திய வேதிப் பொறியாளர் கழகத்தை நிறுவினார். பம்பாயில் 1933இல் தொடங்கிய பல்கலைக்கழக வேதித் தொழில்நுட்பத் துறைக்கு நகரின் துணி ஆலைகள் அண்டை வீட்டார். 1944இல் சென்னையில் உருவான அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி ஒரு தொழில் முனைவோரின் கொடையில் எழுந்தது. வகுப்பறையும் ஆலையும் ஒன்றையொன்று அறிந்திருந்த காலத்தில் முளைத்தவை இவை. கல்லூரிகள் பெருகப் பெருக அந்த அண்டை உறவு தளர்ந்தது. ஆலைகள் அங்கலேஷ்வர், வாப்பி, தஹேஜ், விசாகப்பட்டினம் என்று குவிந்தன. கல்லூரிகளோ நாடெங்கும் பரவின. இடையிலுள்ள தூரத்தை நிரப்ப வந்ததே சான்றிதழ்.

தூரத்தைக் கடந்த முயற்சிகளும் உண்டு. பிலானியிலுள்ள பிர்லா தொழில்நுட்ப, அறிவியல் கழகம் 1973 முதல் ‘பிராக்டிஸ் ஸ்கூல்’ முறையை நடத்தி வருகிறது. இரண்டாம் ஆண்டு முடிந்ததும் ஏறக்குறைய இரண்டு மாதம், இறுதியாண்டில் ஐந்தரை மாதம் என்று இரு கட்டங்கள்; மதிப்பெண்ணும் உண்டு, கல்லூரி ஆசிரியரின் மேற்பார்வையும் உண்டு. அரை நூற்றாண்டு கடந்தும் இம்முறை விதிவிலக்காகவே நிற்கிறது, விதியாகவில்லை. காரணம் எளிது. ஓர் ஆசிரியரை ஓர் அரையாண்டு ஆலையில் தங்க வைக்கச் செலவாகும். அந்த ஆசிரியரின் பதவி உயர்வு ஆய்வுக்கட்டுரை எண்ணிக்கையைச் சார்ந்திருக்கும்வரை, அவருக்கும் அதில் நாட்டம் இராது.

ஆலை அப்படி என்னதான் கற்றுத்தருகிறது? ‘அனுபவம்’ என்ற பொதுச்சொல்லில் அடக்கிவிடாமல் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

ஒரு பம்ப்பை எடுத்துக்கொள்வோம். அதன் உறிஞ்சுமுனையில் அழுத்தம் திரவத்தின் ஆவியழுத்தத்துக்குக் கீழே இறங்கினால் குமிழிகள் தோன்றும்; அழுத்தம் மிகுந்த பகுதிக்கு வந்ததும் அவை நொறுங்கும்; நொறுங்கும்போது சுழலியின் உலோகத்தை அரிக்கும். கேவிட்டேஷன் எனப்படும் இதனைத் தேர்வில் வரைந்து காட்டாத மாணவர் இல்லை. ஆலையில் அது ஓர் ஓசை. பம்ப்பினுள்ளே கூழாங்கற்கள் உருள்வது போன்ற ஓசை. இருபது பம்ப்புகள் ஓடும் இரைச்சலிலும் மூத்த ஆபரேட்டர் ஒருவர் அந்த ஓசையைத் தனியே பிரித்துக் கேட்பார். அதற்கான சமன்பாட்டை அவர் எழுதமாட்டார். சமன்பாட்டை எழுதத் தெரிந்தவரோ ஓசையைக் கேட்டும் அறியமாட்டார். இருவரிடமும் இருப்பது அறிவுதான். ஒன்றுக்கு மட்டும் பட்டம் உண்டு.

வடிகோபுரத்தை எடுத்துக்கொண்டாலும் அப்படியே. மெக்கேப், தீலே இருவரும் 1925இல் தந்த வரைபட முறையில் படிக்கட்டு போலக் கோடுகள் போட்டு எத்தனை தட்டுகள் வேண்டும் என்று கணக்கிடுவது இன்றும் தேர்வின் நிலையான வினா. அந்தப் படிக்கட்டில் ஒவ்வொரு தட்டும் சமநிலையில் இருக்கும். கோபுரம் நிலைத்த நிலையில் ஓடும். ஆலையின் கோபுரமோ காலையில் தொடங்கப்படும், மாலையில் தள்ளாடும். மூலப்பொருளின் சேர்க்கை மாறும். மழை பெய்தால் குளிர்நீரின் வெப்பநிலை மாறும். கோபுரத்தின் மேலுக்கும் கீழுக்குமான அழுத்த வேறுபாடு மெல்ல ஏறத் தொடங்கினால் ‘ஃப்ளடிங்’ வரப்போகிறது என்று பொருள். அந்த ‘மெல்ல’ என்ற அளவை எந்த வரைபடத்திலும் இல்லை.

பாடநூலின் எளிமையாக்கங்கள் பிழையானவை என்று சொல்ல வரவில்லை. அவை இல்லாமல் சிந்திக்கவே முடியாது. ஆனால் அவை எளிமையாக்கங்கள் என்பதை உணர்த்துவது ஆலை. தொட்டியிலுள்ள திரவம் முழுதும் ஒரே சீராகக் கலந்திருக்கிறது என்ற எடுகோளை மாணவர் எத்தனை கணக்குகளில் எழுதியிருப்பார்? 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தின் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் கசிந்து 12 பேர் மாண்டனர். ஊரடங்கில் கிடப்பில் இருந்த தொட்டி அது. மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு சுட்டிய காரணங்களுள் ஒன்று, வெப்பநிலை தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே அளக்கப்பட்டது என்பது. கீழே பதிவான எண் பதற்றம் தரவில்லை. மேலே திரவம் சூடேறிக்கொண்டிருந்தது. சீரான கலவை என்ற எடுகோள் தாளில் கணக்கை எளிதாக்கும். தொட்டியருகே அதே எடுகோளைக் கேள்வி கேட்கும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் விரிவுரையால் மட்டும் வருவதில்லை.

தத்துவத்தில் ‘உள்ளுறை அறிவு’ என்ற கருத்தை விரிவாக எடுத்துரைத்த மைக்கேல் பொலானி, அடிப்படையில் ஓர் இயற்பிய வேதியியலாளர் என்பது தற்செயலாக இராது. ஆய்வுக்கூடத்தில் கை அறிந்ததை வாய் முழுமையாகச் சொல்லிவிட முடியாது என்பதை அத்துறையினர் நாள்தோறும் காண்கிறார்கள். ஆனாலும் உள்ளுறை அறிவு சொல்லவே முடியாத மாயப் பொருள் அன்று. அதில் பெரும்பகுதி சொல்லப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கல்லூரி அறியாத மொழியில் சொல்லப்படுகிறது, அவ்வளவே.

இங்கேதான் மொழி உள்ளே வருகிறது. குஜராத்தின் ஒரு வேதிப்பொருள் ஆலையில் கருவிகளின் பெயர்ப்பலகைகள் ஆங்கிலத்தில் இருக்கும். மேலாளர்கள் குஜராத்தியில் பேசிக்கொள்வார்கள். களத்திலுள்ள ஒப்பந்தத் தொழிலாளர் உத்தரப் பிரதேசத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்திருப்பார். பயிற்சிக்கு வந்த மாணவர் தமிழராகவோ மலையாளியாகவோ இருக்கக்கூடும். நடுவில் ஓடுவது ஒரு பணிக்கள இந்தி. அந்த இந்தியில் ‘பம்ப் ஹவா லே ரஹா ஹை’ என்பார்கள். பம்ப் காற்று வாங்குகிறது என்று பொருள். உறிஞ்சுகுழாயில் கசிவோ, தொட்டியின் மட்டம் தாழ்ந்ததோ, அந்த ஒரு தொடர் நோய்க்குறியைச் சொல்லிவிடுகிறது. கிணற்று மோட்டார் ‘ஏர் பிடித்துவிட்டது’ என்று சொல்லும் தமிழ் உழவர் அதே இயற்பியலைத்தான் சொல்கிறார். பாடநூல் படித்த மாணவருக்கு இரண்டும் கொச்சையாகத் தோன்றினால், இழப்பு மாணவருக்கே.

வேதிப் பொறியியலின் ஆங்கிலக் கலைச்சொற்களே பணிக்களத்தில் பிறந்தவைதாம். கோபுரத்தட்டின் துளைகள் வழியே திரவம் சொட்டுவதை ‘வீப்பிங்’, அதாவது அழுதல், என்றது கண்ணால் கண்டவரின் உவமை. படிகம் பிரிந்தபின் எஞ்சும் கரைசல் ‘மதர் லிக்கர்’ ஆனது. குழாயை முற்றாக அடைக்கச் செருகும் தகடு ‘பிளைண்ட்’ ஆனது. நூலில் ஏறியபின் இவை அறிவியல் சொற்களாக மதிப்புப் பெற்றன. ஏறாத சொற்கள் ‘லோக்கல்’ என்று ஒதுக்கப்பட்டன. இந்தியத் தொழிலாளர் மொழிகளில் இத்தகைய சொற்கள் ஏராளமாக வழங்குகின்றன. அவற்றைத் தொகுக்கும் பணி மொழியியல் துறைக்கும் வேதிப் பொறியியல் துறைக்கும் பொதுவானது. இரண்டுமே அதைத் தம் பணியாகக் கருதாததால் அது யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது.

இது சொல்லாராய்ச்சி இன்பத்துக்காகச் சொல்லப்படுவதன்று. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில் நிகழ்ந்தவற்றை மீண்டும் படிக்கலாம். மெத்தில் ஐசோசயனேட் இருந்த 610ஆம் தொட்டியின் அழுத்தம் இரவு 10.20க்குச் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு. 10.45க்கு ஷிஃப்ட் மாறியது. 11 மணிக்குப் புதிய ஷிஃப்டின் ஆபரேட்டர் கண்ட அழுத்தம் 10. வழக்கமான எல்லை 2 முதல் 25 வரை என்பதால் 10 என்ற எண் அவருக்கு அச்சமூட்டவில்லை. முந்தைய எண்ணோடு சேர்த்துப் படித்திருந்தால் அது ஐந்து மடங்கு ஏற்றம். தனியாகப் படித்தபோது அது இயல்பு. தொட்டியில் நீர் எப்படிப் புகுந்தது என்பதில் நிறுவனம் சொல்வதும் பிறர் சொல்வதும் இன்றுவரை வேறுபடுகின்றன. குழாய்களைக் கழுவும்போது அடைப்புத் தகடு செருகப்படவில்லை என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். நிறுவனம் அதை மறுத்து, நாசவேலை என்றது. ஆனால் குளிரூட்டும் அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்ததிலும், எரிகோபுரம் பழுதுபார்ப்புக்காகத் துண்டிக்கப்பட்டிருந்ததிலும் ஐயமில்லை. பயிற்சிக் காலம் குறைக்கப்பட்டதையும், இந்தி மட்டுமே அறிந்த தொழிலாளர் பலர் இருந்த ஆலையில் செயல்முறை ஏடுகள் ஆங்கிலத்தில் இருந்ததையும் பின்னர் வந்த ஆய்வுகள் பதிவு செய்தன.

இந்தியாவுக்கு மட்டும் உரியதா இது? இல்லை. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தனர். பழுதுபார்ப்புக்காக ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்தது. அந்தச் செய்தி இரவு ஷிஃப்டைச் சென்று சேரவில்லை. மற்றொரு பம்ப் நின்றபோது அவர்கள் இந்தப் பம்ப்பை ஓட்டினார்கள். அங்கே அனைவரும் பேசியது ஒரே மொழி. எனவே சிக்கல் ஆங்கிலமா தாய்மொழியா என்பதோடு முடிவதில்லை. ஒரு ஷிஃப்ட் மற்றொரு ஷிஃப்டிடம் ஆலையை ஒப்படைக்கும் அந்தப் பத்து நிமிட உரையாடல் ஒரு பொறியியல் செயல் என்பதைக் கல்வி ஏற்கவில்லை என்பதே சிக்கல். லாக் புத்தகத்தில் ‘நார்மல்’ என்று எழுதுவது மிக எளிது. அந்தச் சொல் எந்தத் தகவலையும் தருவதில்லை. எழுதியவர் எதையும் கவனித்ததாகவும் காட்டுவதில்லை. ‘பத்து மணிக்கு 2, ஷிஃப்ட் முடியும்வரை மாற்றமில்லை’ என்று எழுதக் கற்பிப்பது வேதிப் பொறியியல்தான். எந்தப் பல்கலைக்கழக வினாத்தாளிலும் அது இடம்பெறுவதில்லை.

ஆலைக்குள் செல்லும் மாணவரின் சட்டநிலையையும் இங்கே பார்க்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், 1973 திருத்தத்துக்குப் பிறகு பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரர்களையும் உள்ளடக்கியது. அச்சட்டத்தின்படி பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர். ஆயினும் தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளும் விபத்து இழப்பீடும் அவருக்கு உண்டு, உதவித்தொகையும் உண்டு. பட்டம் பெறுமுன் இன்டர்ன்ஷிப்புக்குச் செல்லும் மாணவரோ பழகுநரும் அல்லர், தொழிலாளரும் அல்லர், கல்லூரி வளாகத்தில் இருப்பவரும் அல்லர். அவர் கையில் இருப்பது பெரும்பாலும், விபத்து நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பன்று என்று பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஓர் உறுதிமொழிக் கடிதம். போபாலுக்குப் பிறகு 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், உடனடி ஆபத்து என்று கருதினால் அதை மேலாளர் கவனத்துக்குக் கொண்டுசெல்லும் உரிமையைத் தொழிலாளர்க்குத் தந்தது. அதே ரியாக்டரின் அருகில் நிற்கும் மாணவருக்கு அந்த உரிமை உண்டா என்று கேட்டால் தெளிவான விடை சொல்வார் இல்லை.

பெண்களின் நிலை இன்னும் கடினம். பெண்களைத் தொழிற்சாலைகளில் இரவில் பணியமர்த்த அதே தொழிற்சாலைகள் சட்டம் நீண்டகாலம் தடை விதித்திருந்தது. பல மாநிலங்கள் பின்னர் அதைத் தளர்த்தின. சட்டம் தளர்ந்தாலும் வழக்கம் தளரவில்லை. ஷிஃப்ட் பயிற்சி ஆணுக்கு, ஆய்வுக்கூடமும் ஆவணப் பணியும் பெண்ணுக்கு என்ற பங்கீடு பல ஆலைகளில் பேசாமலே நடந்தேறுகிறது. தங்க இடமில்லை, கழிப்பறை இல்லை, இரவில் வண்டி இல்லை என்ற காரணங்கள் எல்லாம் உண்மையானவை. ஆனால் தீர்க்க இயலாதவை அல்ல. பிறகு பணி நேர்காணலில் ‘உற்பத்திப் பிரிவு அனுபவம் இல்லை’ என்று அதே மாணவியிடம் சொல்லப்படும்.

எதிர்வாதங்கள் உண்டு, அவை புறந்தள்ளத்தக்கவை அல்ல. ஆபத்தான ஆலையில் பயிற்சியில்லாதவரை எப்படி நுழைய விடுவது என்று நிறுவனங்கள் கேட்கின்றன. நியாயமான கேள்வி. ஆனால் ஒருவர் பட்டம் பெற்ற மறுமாதம் அதே ஆலைக்குப் பொறியாளராக, பிறரின் உயிருக்கும் பொறுப்பேற்பவராக, நுழையப் போகிறார். பயிற்சியில்லாதவர் என்ற குறை அப்போது மறைந்துவிடுவதில்லை. பார்வைக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவே.

கணினி உருவகப்படுத்திகள் போதாவா என்பது இரண்டாவது வாதம். அரிதாக நேரும் விபத்துகளை ஆபத்தின்றிப் பழகுவதற்கு அவற்றைவிடச் சிறந்த கருவி இல்லை. ஆனால் உருவகப்படுத்தியில் எல்லா அளவிகளும் உண்மையே பேசும். ஆலையில் அளவி பொய் சொல்லும். வால்வு திறந்ததாகத் திரையில் காட்டி உள்ளே சிக்கிக்கொண்டிருக்கும். வரைபடத்தில் இல்லாத குழாய் ஒன்று பத்தாண்டுக்கு முன் யாரோ செய்த தற்காலிக ஏற்பாடாக நின்றுகொண்டிருக்கும். எதை நம்புவது என்பதே ஆலையில் முதற்பாடம்.

வேதிப் பொறியியல் படித்தவர்களில் பலர் மென்பொருள் துறைக்குத்தானே போகிறார்கள் என்பது மூன்றாவது. ஒரு துறையின் கல்வியை அதைவிட்டு வெளியேறுபவர்களுக்காக வடிவமைப்பதில்லை. தவிர, வெளியேறுவோரில் எத்தனை பேர் தாம் விட்டுச்செல்லும் தொழில் எப்படிப்பட்டது என்று ஒருமுறையேனும் முழுமையாகக் கண்டபின் வெளியேறுகிறார்கள் என்பதும் கேட்கத்தக்கது.

நான்காவது வாதமே வலுவானது. பயிற்சி என்ற பெயரில் கூலியில்லா உழைப்பை நிறுவனங்கள் சுரண்டும் என்பது. இது நடக்கிறது, மறைப்பதற்கில்லை. பயிற்சிக் காலத்தை நீட்டுங்கள் என்று மட்டும் கோரினால் சுரண்டலும் நீளும். எனவே கால அளவைப் பற்றிய கோரிக்கை, உரிமையைப் பற்றிய கோரிக்கையோடு சேர்ந்தே வர வேண்டும்.

செய்யத்தக்கவை என்ன? முதலாவது, சிதறிய வாரங்களுக்குப் பதில் ஒரே ஆலையில் ஒரு முழு அரையாண்டு. ஆலை தொடங்கப்படுவதையும் நிறுத்தப்படுவதையும் ஒருமுறையேனும் காண்பதற்கு அவ்வளவு காலம் வேண்டும். இரண்டாவது, ஆசிரியரும் உடன் இருக்க வேண்டும். அந்த அரையாண்டு அவர் பதவி உயர்வில் ஆய்வுப்பணிக்கு நிகராக எண்ணப்பட வேண்டும். மூன்றாவது, மாணவருக்கு உதவித்தொகை, விபத்துக் காப்பீடு, ஆபத்தெனத் தோன்றும் வேலையை மறுக்கும் உரிமை ஆகியவை எழுத்தில் தரப்பட வேண்டும். பெற்றோரிடம் வாங்கும் உறுதிமொழிக் கடிதம் ஒழிய வேண்டும். நான்காவது, கற்பிக்கும் ஆபரேட்டரை ஆசிரியராக ஏற்க வேண்டும். மதிப்பீட்டில் அவருக்குப் பங்கும், அதற்கான மதிப்பூதியமும், அறிக்கையில் அவர் பெயரும் வேண்டும். கையால் செய்பவரின் அறிவைக் கீழாகவும் ஏட்டில் எழுதுபவரின் அறிவை மேலாகவும் வைக்கும் பழைய படிநிலை பொறியியல் கல்விக்குள் எத்தனை ஆழமாக வேரோடியிருக்கிறது என்பது, இந்த நான்காவது கோரிக்கைக்குக் கிளம்பும் எதிர்ப்பிலிருந்தே தெரியவரும்.

ஐந்தாவது, மொழி. 2021 முதல் தாய்மொழிகளில் பொறியியல் கற்பிக்க அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வழிவகுத்திருக்கிறது. அதற்கும் முன்பே, 2010இல், அண்ணா பல்கலைக்கழகம் கட்டட, இயந்திரப் பொறியியல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. வரவேற்கத்தக்க முயற்சிகள். ஆனால் தாய்மொழிக் கல்வி என்பது ஆங்கிலப் பாடநூலை மொழிபெயர்ப்பதோடு நின்றால் மற்றோர் ஏட்டு மொழிதான் உருவாகும். ஆலையில் வழங்கும் சொற்களிலிருந்து மேல்நோக்கி வளர்ந்த பாடநூல் ஒன்று எந்த இந்திய மொழியிலேனும் எழுதப்பட்டால் அதுவே உண்மையான தொடக்கமாகும். பயிற்சிக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவரும் தம் ஆலையில் கேட்ட நூறு சொற்களை, யார் சொன்னது, எந்தச் சூழலில், எந்தக் கருவியைப் பற்றி என்ற குறிப்போடு தொகுத்து வந்தால், பத்தாண்டில் எந்தக் கல்விக்கழகமும் வைத்திராத அகராதி ஒன்று உருவாகிவிடும்.

இவற்றுள் பலவற்றுக்குக் கொள்கை மாற்றமும் நிதியும் வேண்டும், காத்திருக்க வேண்டியதுதான். காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. எந்தத் துறைத்தலைவரும் வரும் பருவத்திலேயே பயிற்சி அறிக்கையின் வடிவத்தை மாற்றிவிடலாம். நிறுவன வரலாறும் செயல்முறை விளக்கமும் கொண்ட அந்த நாற்பது பக்கம் வேண்டாம். அதற்குப் பதில் ஒரே ஒரு குழாய்வழி. தொட்டியில் தொடங்கி அடுத்த கருவி வரை மாணவர் தாமே நடந்து, எதிர்ப்பட்ட ஒவ்வொரு வால்வையும் அளவியையும் வடிகாலையும் கையால் வரைந்த ஒரு தாள். ஆலையின் வரைபடத்தோடு அது எங்கே வேறுபடுகிறது என்று ஒரு பத்தி. வரைந்தது சரியென்று அந்தப் பகுதியின் ஆபரேட்டர் எந்த மொழியிலாயினும் இட்ட கையெழுத்து. வாய்மொழித் தேர்வில் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றே: இந்த வால்வை இப்போது மூடினால் என்ன ஆகும்?

இரண்டு வாரம் போதும் இதற்கு. இணையத்திலிருந்து படியெடுக்க முடியாத அறிக்கை இது.